நாய்க்குப் பூச்சி மருந்து: வந்த கேள்விகளும் பதில்களும்

இந்த முறையும் பாதிக்கு மேற்பட்ட கடிதங்களில் நாயின் எடை இல்லை. "நடுத்தர உயரம்", "நல்ல புஷ்டியான நாய்" என்று எழுதினால் மருந்தளவு சொல்ல முடியாது. வயது, எடை, கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயர், இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு அரைப் பதில்தான் தர முடியும்.

ஐந்து வாரக் குட்டி. வயிறு உப்பி, முதுகெலும்பு தெரிகிறது. நேற்று விரல் நீளத்துக்கு வெள்ளைப் புழு ஒன்றை வாந்தி எடுத்தது. வீட்டை விட்டு வெளியே விட்டதே இல்லை. புழு எப்படி வந்தது?

தாயிடமிருந்து. உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் தாய் நாயின் உடல் தசைகளில் வருடக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். வழக்கமான பூச்சி மருந்து அங்கே எட்டாது. சினை பிடித்து ஆறு வாரம் ஆனதும் அவை கிளம்பி, வயிற்றிலிருக்கும் குட்டிகளுக்குள் போய்விடும். மிச்சம் பால் வழியாகப் போகும். ஆகவே எவ்வளவு சுத்தமான வீட்டில் பிறந்தாலும் குட்டிக்குப் புழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு, நான்கு, ஆறு, எட்டாவது வாரங்களில் மருந்து. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. உங்கள் குட்டிக்கு இரண்டு வேளை தவறிவிட்டது. இன்றே எடை பார்த்து பைரன்டெல் கொடுங்கள், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். தாய்க்கும் அதே நாளில். வாந்தி நிற்காமல் வயிறும் இறுகியிருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம்.

பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது. புழுதானே?

பெரும்பாலும் இல்லை. ஆசனவாய்ச் சுரப்பிகள் நிரம்பியிருக்கும். அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாலடி முடியில் அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. மாதாமாதம் பைரன்டெல் கொடுத்தும் போகவில்லை.

வருடம் முழுக்கக் கொடுத்தாலும் போகாது. அவை நாடாப்புழுவின் துண்டுகள். நாடாப்புழுவிடம் பைரன்டெல் வேலை செய்யாது. பிரசிக்வாண்டல்தான் மருந்து; கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஒரே வேளை. ஆனால் தெள்ளுப்பூச்சியை ஒழிக்காவிட்டால் மூன்று வாரத்தில் மறுபடி துண்டு விழும். புழுவின் முட்டையைத் தின்பது தெள்ளின் குஞ்சு. அது வளர்ந்து நாயின் மேல் ஏறுகிறது. நாய் அரிக்கிற இடத்தைக் கடித்து நக்கும்போது தெள்ளை விழுங்குகிறது. அவ்வளவுதான் சுற்று. படுக்கையை வெந்நீரில் துவையுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நேரத்தில் தெள்ளு மருந்து போடுங்கள். நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்ததாக இருந்தால் பூனை செத்துப்போகும்.

பூண்டு கொடுத்தால் புழு போய்விடுமாமே?

போகாது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கொக்கிப்புழு ஏற்கெனவே இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நாய்க்கு அது இரட்டை அடி.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து மீதியிருக்கிறது. நாய் பத்து கிலோ இருக்கும். அரை மில்லி போட்டால் எல்லாப் புழுவும் ஒழிந்துவிடும் என்கிறார் தெரிந்தவர். நாடாப்புழுத் துண்டும் வருகிறது.

போடாதீர்கள். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதே பதில்தான் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

கணக்கைப் பாருங்கள். மாட்டு ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்கத் தேவைப்படுவது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், அதாவது பத்து கிலோ நாய்க்கு 0.006 மில்லி. ஒரு சொட்டே அதைப்போல எட்டு மடங்கு. நீங்கள் போட நினைக்கும் அரை மில்லி எண்பது மடங்கு. வேறு நோய்களுக்குக் கூடுதல் அளவில் இதைக் கொடுப்பதுண்டு. அதை மருத்துவர் நாயைப் பார்த்து, இரத்தம் பார்த்து, படிப்படியாகக் கூட்டுவார். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் எம்டிஆர்1 மரபணுக் குறை இருக்கும் நாய்களுக்கு மருந்து நேராக மூளைக்குள் இறங்கும். உங்கள் நாயின் இனம் என்னவென்று எழுதவில்லை. கலப்பு நாயாக இருந்தால் உங்களுக்கே தெரியாது.

அளவு மீறிய நாயை மேசையில் ஏற்றியதும் முதலில் தெரிவது கண்தான். விளக்கைக் காட்டினாலும் பாவை சுருங்காது. விரலை முகத்தருகே கொண்டுபோனாலும் இமைக்காது. எச்சில் வழியும், பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளும், பிறகு நடுக்கம், மயக்கம். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சலைன் ஏற்றி, சூடு குறையாமல் பார்த்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில பிழைக்கும், சில பிழைக்காது. இரத்தத்தில் இதயப்புழுக் குஞ்சுகள் நிறைய இருக்கும் நாய்க்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. அவை மொத்தமாகச் சாகும்போது நாய் அதிர்ச்சியில் சரிந்துவிடலாம்.

கண்டுபிடித்தவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த அருமையான மருந்து இது. குற்றம் மருந்தில் இல்லை, கண்ணளவில் ஊசி போடும் கையில் இருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு, உங்கள் நாய்க்கு வருவது நாடாப்புழு. ஐவர்மெக்டின் அதைத் தொடவே தொடாது.

இரண்டு மாதக் குட்டி. ஈறு வெளுத்திருக்கிறது, மலம் தார் மாதிரி கறுப்பு. என்ன மாத்திரை தரலாம்?

மாத்திரை கேட்டு எழுதும் நேரமில்லை இது. கொக்கிப்புழுவாக இருக்கலாம், இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். தூக்கிக்கொண்டு போங்கள்.

மலத்தில் சளியும் சிவப்பு இரத்தமும் விட்டுவிட்டு வருகிறது. மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

ஒருமுறை பார்த்து இல்லை என்றால் இல்லை என்று ஆகாது. இது சாட்டைப்புழுவாக இருக்கலாம்; அது முட்டையிடத் தொடங்கவே மூன்று மாதம் ஆகும். தொடங்கிய பின்னும் தினமும் இடாது. மூன்று வெவ்வேறு நாள் மலத்தை, அன்றன்று புதிதாக, சேர்த்துக் கொடுங்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் முட்டை தெரியாவிட்டாலும் மருத்துவர் ஃபென்பென்டசோல் தருவார்: கிலோவுக்கு 50 மில்லிகிராம், தொடர்ந்து மூன்று நாள். மூன்று வாரம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் மறுபடி. மூன்றாவது முறையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வீட்டில் தவழும் குழந்தை. நாயை அனுப்பிவிடச் சொல்கிறார்கள்.

அனுப்ப வேண்டாம். உருண்டைப்புழு முட்டை மலத்தோடு வந்தவுடன் தொற்றாது; மண்ணில் இரண்டு வாரமாவது கிடக்க வேண்டும். ஆகவே தினமும் மலத்தை அள்ளிவிடுங்கள். குழந்தை மண்ணில் விளையாடினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நாய்க்குக் குறித்த நாள் தவறாமல் பூச்சி மருந்து கொடுங்கள். அலட்சியமாகவும் இருக்காதீர்கள், அந்த இளம்புழு கண்ணுக்குப் போனால் பார்வையையே கெடுக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை தருகிறேன். இதயப்புழுவுக்கும் அது போதுமா?

போதாது. இதயப்புழு கொசுக்கடியால் வருவது, குடலில் இருப்பதில்லை. மாதம் ஒருமுறை தனித் தடுப்பு மருந்து வேண்டும். இதுவரை தந்ததில்லை என்றால் முதலில் இரத்தப் பரிசோதனை. தொற்றி ஆறு மாதம் வரை அதிலும் தெரியாது என்பதால், ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.