கரண்டி பட்டால் போச்சு

வணக்கம் அக்கா,

செந்தூலில் இருந்து எழுதுகிறேன். என் மனைவிக்கு நான்கு மாதத்துக்கு முன் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாதாம். ரொட்டி சானாய், மீ நூடுல்ஸ் எல்லாம் நிறுத்திவிட்டோம். வீட்டில் எப்படியோ சமாளிக்கிறோம், வெளியே போனால்தான் சிக்கல். போன மாதம் என் அம்மா ஆசையாகக் கேசரி கிண்டி ஒரு கரண்டி கொடுத்தார். இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அம்மா அழுதுவிட்டார். கொஞ்சம் வாங்கி வாயில் போட்டிருந்தால் என்ன ஆகிவிடும் என்று எனக்கும் தோன்றியது. தீபாவளிக்கு அம்மா வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு, சொந்தம் எல்லாம் வரும். அம்மா மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? எங்கள் மகளுக்கு ஏழு வயது, அவளும் ஒல்லிதான், எதற்கு வம்பு என்று அவளுக்கும் கோதுமையை நிறுத்திவிட்டோம். சித்த மருத்துவத்தில் குணமாகும் என்று ஒருவர் சொல்கிறார். இப்போது வரும் கோதுமையே விஷம் என்றும் படித்தேன். வெளிநாட்டு ரொட்டி வாங்கக் கட்டுப்படியாகவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

*

தம்பிக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று நான் பரணில் இருந்து புரட்டாசிச் சட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அவற்றோடு ஒரு தோசைக்கல்லும் இருக்கும், பழைய கைலித் துணியில் சுற்றி வைத்திருப்பேன். அது என் அக்காவின் கல். அக்கா பட்டர்வொர்த்தில் இருந்து ஃபெர்ரி ஏறிப் பினாங்குக்கு வந்தால் மட்டும்தான் அது அடுப்பில் ஏறும். வேறு யாருக்கும் அதில் தோசை கிடையாது. உங்கள் மனைவிக்கு வந்திருக்கும் அதே நோய்தான் அக்காவுக்கும். கல்லைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

சிலவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இந்த நோயைத் தீர்க்கும் மருந்து சித்தத்திலும் இல்லை, ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. கோதுமை, பார்லி, ரை என்ற தானியம், மூன்றையும் அடியோடு விடுவதுதான் இன்றுவரை வைத்தியம். கோதுமை விஷம் என்பது வேண்டாத பேச்சு, நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம், உங்கள் மனைவி உடம்புக்குத்தான் அது ஆகாது. வெளிநாட்டு ரொட்டியை மறந்துவிடுங்கள். இட்லி, புட்டு, இடியாப்பம், கேழ்வரகு, மரவள்ளி எல்லாம் தெரிந்த வீட்டுக்கு அந்த விலையில் ரொட்டி எதற்கு?

மகள் விஷயத்தை அப்படி விட முடியாது. எதற்கு வம்பு என்று நிறுத்தினீர்களா? யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? பெற்றவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது இருக்கலாம் என்பது உண்மை, அதனால் பிள்ளையைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த இரத்தப் பரிசோதனை தேடுவதே குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தைக் கண்டு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான். கோதுமையை நிறுத்தினால் அது இறங்கிக்கொண்டே போகும், குடலும் ஆறத் தொடங்கும், அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தாலும் பிடிபடாமல் போகலாம். நோய் இருக்கிற பிள்ளைக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் நோயே இல்லாத பிள்ளை ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் கேக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இது அன்பு இல்லை, அவசரம். மருத்துவரிடம் போய் என்றைக்கு நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி எவ்வளவு கொடுப்பது, எத்தனை வாரம் கழித்துப் பரிசோதிப்பது என்று அவர் சொல்வார்.

இனி, நீங்கள் எழுதிய அந்தக் 'கொஞ்சம்'.

என் அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா வேலைக்குப் போனதால் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது அவர்தான், அந்த இடுப்பில் எலும்புதான் இருந்தது. சின்ன வயதில் இருந்தே வயிறு உப்பும், வாய்ப்புண் மாறி மாறி வரும், முடி கொத்தாகக் கொட்டும். இரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், ஏறவே இல்லை. உடம்பு தேறட்டும் என்று அம்மா காலையில் ஹார்லிக்ஸ், சாயங்காலம் மைலோ, சூடு தணிய பார்லித் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார். ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும், மைலோவில் பார்லி மால்ட், பார்லித் தண்ணீரில் என்ன என்று சொல்லவே வேண்டாம். எங்கள் அம்மா தன் மகளை உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார், அந்தக் கோப்பைகளில் இருந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு கரு தங்கவில்லை. செய்வினை என்றார்கள், தண்ணீர்மலை முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்தார்கள், மாமியார் வீட்டில் பேசிய பேச்சை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது வயதுக்குள் மணிக்கட்டு முறிந்தது, அதுவும் ஃபெர்ரித் துறையில் இலேசாகக் கால் இடறியதற்கு.

இத்தனை வருடத்தில் எத்தனை கிளினிக் ஏறி இறங்கினோம். சீலியாக் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்கு வராது என்று ஒரு மருத்துவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். இந்தியாவில் மூன்று பகுதிகளில் எடுத்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல், தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர். அதை மட்டும் பார்த்தால் நமக்கு வராது என்று தோன்றும். ஆனால் நாம் அரிசி மட்டுமா சாப்பிடுகிறோம்? இங்கே பசியாறுவதே ரொட்டி சானாயில்தான், மதியம் மீ, நடுவில் பிஸ்கட். மலேசியாவில் ஆரோக்கியமான இளம் வயதினரின் இரத்தத்தைப் பார்த்தபோது நூற்றுக்கு ஒருவரை ஒட்டி அந்த எதிர்ப்பொருள் இருந்தது, அதில் மூன்று இனத்தவரும் உண்டு. சோதித்துப் பார்க்காததால்தான் இங்கே இது இல்லாதது போல இருக்கிறது. 2009இல் ஓர் இளம் மருத்துவர், முறிந்த எலும்பையும் ஏறாத இரத்தத்தையும் சேர்த்துப் பார்த்துச் சந்தேகப்பட்டார். அப்போது அக்காவுக்கு 51 வயது.

நோய் தெரிந்த பிறகு அக்கா என்னோடு எட்டு மாதம் இருந்தார். நான் சமைத்தேன். ரொட்டி இல்லை, ரவை இல்லை, மீ இல்லை, கிச்சாப்பில், அதுதான் சோயா சாஸில், கோதுமை உண்டு என்று தெரிந்து அதையும் தூக்கிப் போட்டேன். அப்படியும் வயிறு அடங்கவில்லை. மறுபரிசோதனையில் எதிர்ப்பொருளும் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒருநாள் சமையலறையில் நின்றுகொண்டு, மாமாக் கடையில் திருட்டுத்தனமாக ரொட்டி சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டேன். என்னைத் தூக்கி வளர்த்தவரிடம். அக்கா பதில் சொல்லவில்லை, தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

உணவியல் நிபுணர் ஒரு பெண், வீட்டில் இருக்கும் டப்பா, பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். மேசையில் பரப்பினோம். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துக்கொண்டே வந்தவர், பெருங்காய டப்பாவை எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். கோதுமை மாவு. பெருங்காயப் பிசின் தனியாக மிகக் கடுமையானது, அதனால் கோந்தும் மாவும் கலந்துதான் கூட்டுப் பெருங்காயம் செய்கிறார்கள், சிலர் அரிசி மாவு, சிலர் கோதுமை மாவு. எட்டு மாதம் சாம்பாரிலும் இரசத்திலும் நானே போட்டிருக்கிறேன், தாராளமாக, வாசனையாக இருக்கட்டும் என்று. திரும்பி வரும்போது பேருந்தில் அக்கா சொன்னார், "நீ வெச்ச சாம்பார்டி, அதைப் போய் எப்படிச் சந்தேகப்படுவேன்?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு தெரியுமா தம்பி? இத்தாலியில் இந்த நோய் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மட்டும் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது. குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்ச விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்குமே, அது அந்த அளவுக்கே பாதிக்கப்பட்டது. ஒரு துண்டு ரொட்டியில் இரண்டு கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும். அதை நாற்பதாகப் பிய்த்தால் ஒரு துணுக்கு, அவ்வளவுதான் 50 மில்லிகிராம். உங்கள் அம்மா கொடுத்த கேசரி ஒரு கரண்டி. அது கிண்டியது ரவையில், ரவை முழுக்கக் கோதுமை. அதை வாங்கி வாயில் போட்டிருந்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றியது. உங்கள் மனைவிக்கு அன்று இரவும் மறுநாளும் என்ன ஆகியிருக்கும் என்பது தோன்றவில்லை. வலி வராமலே போனாலும் உள்ளே சேதம் நடக்கும், அதுதான் இதில் மோசம். அம்மா அழுதார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எத்தனை தடவை அழுதாள் என்று ஒரு வரிகூட இல்லையே. மாமியார் கையை மறுக்க அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும், அப்போது நீங்கள் எங்கே நின்றுகொண்டிருந்தீர்கள்? வேண்டாம் என்ற வார்த்தை உங்கள் வாயில் இருந்து வந்திருக்க வேண்டும்.

என் அக்காவுக்கு ஒரு வளைகாப்பில் பெரியம்மா ஒருவர் கேசரியைக் கையில் எடுத்து ஊட்டியே விட்டார். மறுக்கத் தெரியாமல் விழுங்கினார். அந்த இரவு குளியலறைத் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் ஆட்களுக்கு இது புரியாது, படிக்காதவர்கள் என்று சிலர் எனக்கு எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் அம்மாக்களுக்கு இது நன்றாகவே தெரியும். புரட்டாசி வந்தால் கவுச்சிச் சட்டி தனி, சைவச் சட்டி தனி. மீன் குழம்பில் போட்ட கரண்டி தவறிச் சாம்பாரில் பட்டால் போச்சு, அந்தச் சாம்பாரை விரதக்காரர் தொட மாட்டார், கரண்டி நுனிதானே பட்டது, கொஞ்சம்தானே என்று எந்த அம்மாவும் சொல்ல மாட்டார். மலாய்க்கார நண்பர்கள் வருகிறார்கள் என்றால் ஹலால் கோழி, புதுச் சட்டி, ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இனிப்புநீர்க்காரருக்குச் சீனி போடாத கோப்பி தானாக வந்துவிடும். இவ்வளவு சுத்தபத்தம் தெரிந்த ஒரு சமையலறையில் மருமகளுக்கு ஒரு கரண்டியைத் தனியாக வைக்க முடியாதா? உங்கள் அம்மாவிடம் குடல், எதிர்ப்பொருள் என்று ஆரம்பிக்காதீர்கள். புரட்டாசி மாதிரி அம்மா, இவளுக்கு வருஷம் முழுக்கப் புரட்டாசி, கவுச்சிக்குப் பதில் கோதுமை என்று சொல்லுங்கள். ரொட்டி சுட்ட கல்லில் தோசை ஊற்றக் கூடாது, கோதுமை மாவில் புரட்டியதைப் பொரித்த எண்ணெயில் அப்பளமோ முறுக்கோ பொரிக்கக் கூடாது, இதெல்லாம் அடுத்த நிமிடம் அவருக்கே விளங்கும். நீங்கள் யோசிக்காத இடத்தையும் அவர் யோசிப்பார்.

எங்கள் அம்மாவிடம் இப்படித்தான் சொன்னோம். அவர் ஜப்பான்காரன் காலத்தில் சிறு பிள்ளை, அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்று வளர்ந்தவர். அதே சமயம், 1944 கடைசியிலும் 1945 தொடக்கத்திலும், போரில் பட்டினி கிடந்த நெதர்லாந்தில் ரொட்டி கிடைப்பதே அரிதாகிப் போனது. வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம் இருந்தது. ஊரே பசியில் வாடியபோது இந்த நோய்ப் பிள்ளைகள் தேறுவதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி விழுவதையும் பார்த்தார், 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார். இதை அம்மாவுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இவளுக்கு நான் மரவள்ளியையே கொடுத்திருக்கலாமே" என்றார். அதற்குப் பிறகு இருந்த நான்கு வருடமும் அக்காவுக்கு அம்மா ஹார்லிக்ஸ் என்ற பேச்சை எடுத்ததே இல்லை.

தீபாவளிக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். புது முறுக்கு அச்சு ஒன்று வாங்கி அம்மா கையில் கொடுங்கள், அரிசி மாவும் உளுந்து மாவும் புது எண்ணெயில் முதல் ஈடு அவளுக்கு. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். சொந்தக்காரர்கள் கரண்டி போடும் முன்னால் அவளுக்கு எடுத்து மூடி வைத்துவிடுங்கள், நீங்களே. யாராவது ஊட்ட வந்தால் குறுக்கே நில்லுங்கள். உங்கள் அம்மாவுக்குக் கேசரி கிண்டத்தான் ஆசை என்றால் ஜவ்வரிசியில் கிண்டச் சொல்லுங்கள், தனிச் சட்டியில், அந்த முதல் கரண்டியை அவரே மருமகளுக்குக் கொடுக்கட்டும்.

மகளைக் காட்டிவிட்டு மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். கேசரி எப்படி வந்தது என்றும்.

அன்புடன்,
அக்கா