எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளி குறைந்தால்

கேள்வி: நாகர்கோவிலில் பி.காம். முடித்த என் மகள் இங்கிலாந்தில் முதுகலை படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் கேட்டல் 7, வாசித்தல் 6.5, பேசுதல் 6.5, எழுத்து 5.5, மொத்தம் 6.5. எந்தப் பகுதியும் 6க்குக் குறையக் கூடாது என்கிறது பல்கலைக்கழகம். அடுத்த தேர்வின் வினாத்தாளை முன்கூட்டியே தருவதாகச் சொல்லி ஒரு முகவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? (கருங்கல் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். இப்படி விற்கப்படும் வினாத்தாள் பெரும்பாலும் போலியாகவே இருக்கும். உண்மையாகவே கசிந்ததாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. முறைகேடு பின்னர் தெரியவந்தாலும் மதிப்பெண் ரத்தாகலாம். விசா விண்ணப்பத்தில் மோசடி செய்ததாகப் பிரிட்டன் அரசு முடிவு செய்தால், 10 ஆண்டுகளுக்கு விசா மறுக்கப்படும் நிலை வரலாம். அங்கே டோயிக் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வில் நடந்த ஆள்மாறாட்டத்தை 2014-இல் பிபிசி அம்பலப்படுத்தியதும் ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசா ரத்தானது. தவறே செய்யாத பலரும் அந்தச் சந்தேகத்தில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள்.

உங்கள் மகளுக்குக் குறைவது ஒரு பகுதியில் அரைப் புள்ளிதான். எழுத்துத் தேர்வின் 60 நிமிடங்களில் இரண்டு கேள்விகள் வரும். குறைந்தது 250 சொற்களில் எழுத வேண்டிய இரண்டாவது கட்டுரைக்கு முதல் கேள்வியைப் போல் இரு மடங்கு மதிப்பு உண்டு. அதற்கு 40 நிமிடம் ஒதுக்கியே பழக வேண்டும். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும்படி மனப்பாடம் செய்த தொடக்க வரிகளைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள் என்பதால், அவற்றை முற்றிலும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

ரப்பர் விலை சரியும்போது சிறு விவசாயிக்கு அரசு மானியம் தரலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளட்டும். நம் மாவட்டத்தில் உங்கள் மகள் நன்கு அறிந்த விஷயம் அது. முதல் பத்தியிலேயே தன் நிலைப்பாட்டைச் சொல்லி, அடுத்த இரு பத்திகளில் பத்திக்கு ஒரு காரணமும் அதற்கு ஓர் உதாரணமும் தந்து முடிக்கட்டும். ஆங்கில ஆசிரியர் ஒருவர் அதைத் திருத்தித் தந்தபின், அதே கட்டுரையை மறுபடி எழுத வேண்டும். முன்னேற்றம் பெரும்பாலும் இந்த மறு எழுத்தில்தான் வருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பிழைகளைச் சுட்டச் சொல்லலாம், கட்டுரையை எழுதித் தரச் சொல்லக் கூடாது. இங்கிலாந்தில் பெரும்பாலான முதுகலைப் படிப்புகள் ஓராண்டுதான். சேர்ந்த சில வாரங்களிலேயே நீண்ட கட்டுரைகளைத் தானே எழுதிச் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும், அப்போது எந்த முகவரும் உடன் இருக்கமாட்டார்.

கணினி வழியில் எழுதியிருந்தால், ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுதும் வசதி உண்டு. தேர்வு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத வேண்டும். எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதில்லை என்பதால், கட்டணம் கட்டுமுன் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். படிப்பு தொடங்குமுன் சில வாரங்கள் நடத்தப்படும் ஆங்கிலப் பயிற்சியில் சேர்த்துக்கொள்வார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.