ஆறாவது படிக்கும் பையனுக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகமா?

ஆறாவது படிக்கும் உங்கள் மகனுக்கு இரண்டாம் வகுப்புப் புத்தகம் கொடுக்கலாம் என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகத்தை மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். கணக்கை வாயால் சரியாகச் சொல்கிறான், தாளில் மட்டும் வெறுமையாக விடுகிறான் என்கிறீர்கள். அப்படியென்றால் தடை கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கலாம்.

இன்று பின்னப் பாடத்தில் ஐந்து வாக்கியக் கணக்குகளை அவனே படித்துப் போடட்டும். நாளை அதே மாதிரி வேறு ஐந்தை வாசித்துக் காட்டுங்கள். ஆச்சி வாசித்தால் இன்னும் நல்லது; அம்மாக்கள் நாம் வாசிக்கும்போதே பாதி விடையைச் சொல்லிவிடுவோம்! நாளைக்குச் சரியான விடைகள் கூடினால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும்.

அப்புறம், தேவகோட்டை வீடு என்கிறீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் 12 கற்களைச் சாக்பீஸால் வளைத்து, மூன்றில் ஒரு பங்கைக் காட்டச் சொல்லுங்கள். பாடம் ஆறாம் வகுப்புடையதுதான், வழி மட்டும் வேறு.

இதை வைத்து டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். முதலில் கண், காது பரிசோதனை. பிறகு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர். கற்றல் குறைபாடு உறுதியானால், தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் இரண்டும் இருக்கின்றன. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.