அருவியில் ஆள் இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் கடையம். கோவையில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் கேமராவோடு குற்றாலத்துக்கும் மணிமுத்தாறுக்கும் போகிறேன். அதே இடத்தில் நின்று எடுத்தாலும் ஒருமுறை அமைந்தது மறுமுறை அமைவதில்லை. தண்ணீர் நன்றாக விழுந்தால் கூட்டம் தாங்கவில்லை; கூட்டம் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. ஆட்களைக் கணினியில் அழித்துத்தான் படத்தை ஒப்பேற்றுகிறேன். மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். மூன்றாவது சரியாக வரவில்லை, மன்னிக்கவும். எந்த மாதம் போகலாம்? என்ன ஃபில்டர், என்ன ட்ரைபாட் வாங்கலாம்?

முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

கடையத்தில் பிறந்துவிட்டு என்னிடம் மாதம் கேட்கிறீர்கள். வீட்டில் ஆச்சி இருந்தால் அவரே சொல்லியிருப்பார். குற்றாலத்துக்கு ஆனி, ஆடி. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலை இந்தப் பக்கம் தள்ளிவிடும் காலம். மணிமுத்தாறுக்கு ஐப்பசி, கார்த்திகை. அருவிக்கு மேலே மலையில் இருக்கும் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று நாளிதழில் மழையளவு போடுகிறார்களே, அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேலே அளவுக்கு மீறிக் கொட்டியிருந்தால் வனத்துறை உங்களை உள்ளே விடாது. ஃபில்டரைப் பற்றிக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது மாமாவின் பழைய படங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். சீசன் வந்தால் கடையை அத்தையிடம் விட்டுவிட்டுக் குற்றாலத்துக்குப் போய்விடுவார். அருவியைத் தனியாக ஒருநாளும் எடுத்ததில்லை. பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். காசு கொடுக்காத பாறைக்கு எதற்கு ஒன்றைச் செலவழிப்பது என்பார். எல்லாம் குடும்பப் படங்கள். ஒன்றில் தலை நிறைய எண்ணெயோடு, உலர்ந்த உடையில், ஆறேழு பேர் கடுகடுவென்று நிற்கிறார்கள். பின்னால் அருவி பாறையே தெரியாமல் விழுகிறது. படத்தைத் திருப்பினால் மாமாவின் கையெழுத்து: ‘குளிக்க விடவில்லை’.

அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் என்று இதைவிடத் துல்லியமாக யார் சொல்லிவிட முடியும்?

இப்போது உங்கள் குற்றாலப் பேரருவிப் படத்துக்கு வருகிறேன். ஆட்களை அழித்துவிட்டீர்கள். போதாததற்கு ஷட்டரை விநாடிக்கணக்கில் திறந்துவைத்துத் தண்ணீரைப் பாலாக்கிவிட்டீர்கள். கல்யாண மண்டபத்துச் சுவரில் ஒட்டும் படம்போல இருக்கிறது. அது சாரல் தொடங்கிய நாளா, சீசன் முடிந்து வடிகிற நாளா? எனக்குத் தெரியவில்லை. எடுத்த உங்களுக்கும் இன்னும் நான்கு ஆண்டு போனால் தெரியாது. மாறுகிற அருவியை மறுபடி மறுபடி போய் எடுக்கிறேன் என்கிறீர்கள். மாற்றத்தைக் காட்டுகிற இரண்டையும் நீங்களே துடைத்துவிடுகிறீர்கள்.

குளிக்கிற ஆட்கள்தான் ஐயா அருவிக்கு அளவுகோல். பேரருவித் தண்ணீர் மேலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாக்கடல் என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, அங்கிருந்து வழிந்து வருகிறது. அப்படி வருவதையே நல்ல சாரலில் நிமிர்ந்து நின்று வாங்க முடியாது. கம்பியை ஒரு கையால் பிடித்து, முதுகை வளைத்து, மறு உள்ளங்கையால் உச்சந்தலையை மூடிக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் குறைந்தால் நிமிர்ந்துகொள்வார்கள், பேசுவார்கள், சோப்புப் போடுவார்கள். இன்னும் குறைந்தால் பாறையோடு முதுகை ஒட்டி, ஒரு தாரைக்கு நான்கு பேர் முறைவைத்து நிற்பார்கள். ஒருவருமே இல்லையென்றால் ஒன்று தண்ணீர் இல்லை, அல்லது தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டுகிறது. இந்த இரண்டு நாள்களிலும் இல்லாத ஒரு வெறிச்சோடலைக் கணினியில் செய்து அதற்கு ‘அழகு’ என்று பெயர் வைத்தால் எனக்குக் கோபம் வராதா?

2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் நினைவிருக்கும். சீசனே இல்லை, கோடை மழை. மலைமேல் பெய்தது, கீழே குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று வெள்ளம் இறங்கியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் போய்விட்டான். செங்குத்தான பாறைச் சரிவு அது. மேலே விழும் மழை ஊறி நிற்பதற்கு நேரம் எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சருகும் சுள்ளியும் வரத் தொடங்கினாலோ கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுங்கள். ட்ரைபாட் வேண்டாம் என்பதற்கு அதுவே போதுமான காரணம். மடக்கிக்கொண்டு நிற்பீர்கள்.

கூட்டம் தாங்கவில்லை என்கிறீர்கள். அந்தக் கூட்டத்துக்கு நீங்களும்தான் தாங்கவில்லை.

மூன்றாவது படத்துக்கு எதற்காக மன்னிப்பு? வற்றிய ஐந்தருவி. தண்ணீர் விழும் தடம் மட்டும் பாறையில் கறுப்புப் பட்டைகளாக இறங்குகிறது, காய்ந்த பாசி ஓரத்தில் செதிலாக உரிந்து நிற்கிறது. வலது மூலையில் ஒரு சிறுவன் நூலாக ஒழுகுவதைப் பிளாஸ்டிக் குவளையில் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறான். அவனை அழிக்க மறந்துவிட்டீர்களா, மனம் வரவில்லையா? மனம் வரவில்லை என்றால் நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். அதே இடத்தில் நின்று ஆடியிலும் எடுங்கள், ஐப்பசியிலும் எடுங்கள். படத்தின் பெயரில் தேதியைப் போட்டு வையுங்கள்.

ஆள் நிற்கட்டும் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறவர்கள் முகத்துக்கு நேரே லென்சை நீட்டாதீர்கள். தள்ளி நின்று, முதுகுப்புறமாக, முகம் தெரியாத தூரத்திலிருந்து எடுத்தால் போதும். முகம் தெரியும் என்றால் முதலில் கேளுங்கள். பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. திருப்பி, காவலர் அதைப் பிடுங்கி வைத்தால், மீட்டுத் தரச் சொல்லி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.