நிரந்தரக் காந்தத்தில் மிதக்கும் டிராலி: பட்டறைக்குப் பொருந்துமா?

கோவையில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை நடத்துகிற வாசகர் ஒருவர், வார்ப்படங்களை லேத் வரிசையிலிருந்து பெயிண்ட் அடிக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லும் 40 மீட்டர் பாதையில், நிரந்தரக் காந்தங்களின் மேல் மின்சாரமே இல்லாமல் மிதக்கும் டிராலியை அமைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வண்டியோடு சேர்த்துச் சுமை 500 கிலோ.

மிதக்க வைக்கலாம், ஆனால் சக்கரங்களை ஒழிக்க முடியாது. நிலையான காந்தங்களை மட்டும் கொண்டு ஒரு பொருளை எல்லாத் திசையிலும் நிலைபெற மிதக்க வைக்க இயலாது என்பதை, ஆங்கிலேயக் கணிதவியலாளர் சாமுவேல் ஏர்ன்ஷா 1842இலேயே நிறுவிவிட்டார். தண்டவாளத்திலும் வண்டியின் அடியிலும் ஒரே துருவங்கள் எதிரெதிரே இருக்கும்படி காந்தங்களைப் பதித்தால் வண்டி மேலெழும், ஆனால் அதே கணத்தில் பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். நீண்ட, சீரான தண்டவாளத்தில் இந்த இரண்டும் சரிக்குச் சரி. உயரம் 1 மில்லிமீட்டர் குறையும்போது தூக்கு விசை 30 கிலோ கூடும் அமைப்பென்றால், வண்டி நடுக்கோட்டிலிருந்து 1 மில்லிமீட்டர் விலகினாலே 30 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளும். தண்டவாளம் 3 மில்லிமீட்டர் பிசகியிருந்தால் அது 90 கிலோ. அதைத் தாங்கப் பக்கச் சக்கரங்கள் வேண்டும். உராய்வு கீழிருந்து பக்கத்துக்கு இடம் மாறுகிறதே தவிர, முழுதாகப் போய்விடுவதில்லை.

மிச்சமாவது எவ்வளவு என்று பாருங்கள். நல்ல பேரிங்குடன் கூடிய பாலியூரிதேன் சக்கரங்களில், சமதளமான கான்கிரீட் தரையில், 500 கிலோ வண்டியை உருட்ட ஏறக்குறைய 10 கிலோ விசை போதும். நடை வேகத்தில் அதற்குத் தேவையான மின்திறன் சுமார் 100 வாட். எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் என்றால் அதில் பாதிகூட வேண்டாம். இந்தச் சிறு சேமிப்புக்காக, 50 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் கனமும் உள்ள நியோடிமியப் பட்டைகளை இரண்டு தண்டவாளங்களிலும் 40 மீட்டருக்குப் பதித்தால், காந்தம் மட்டுமே 600 கிலோ ஆகும். ஃபெரைட் காந்தம் மலிவுதான், ஆனால் அதன் புலம் நியோடிமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்பதால் அகலத்தைப் பெரிதாகக் கூட்ட வேண்டிவரும்.

உங்கள் பட்டறையைப் பொறுத்தவரை, செலவைவிட என்னைக் கவலைப்பட வைப்பது இரும்புத்தூள். வார்ப்பிரும்பைக் கடையும்போது பறக்கும் தூளும் சீவலும் தண்டவாளத்தில் மயிர்போல் சிலிர்த்து நின்று, நாளடைவில் இடைவெளியை அடைத்துவிடும். காந்தத்திலிருந்து அதைத் துணியால் துடைத்தோ காற்றடித்தோ முழுதாக எடுப்பது மிகக் கடினம். இரும்பு வார்ப்படமே சுமை என்பதால், அதையும் காந்தத்திலிருந்து தள்ளியே வைக்க வேண்டியிருக்கும்.

தண்டவாளம் முழுக்கக் காந்தம் பதிக்காத வழியும் உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் ரிச்சர்ட் போஸ்ட் உருவாக்கிய இண்டக்ட்ராக் முறையில், ஹால்பாக் வரிசையாக (புலம் ஒரு பக்கமாகவே குவியும்படி) அடுக்கிய காந்தங்கள் வண்டியில் மட்டும் இருக்கும். தடத்தில் மூடிய கம்பிச் சுருள்கள் போதும். ஆனால் வண்டி நகரும்போது அந்தச் சுருள்களில் தூண்டப்படும் மின்னோட்டமே அதைத் தூக்குவதால், அது ஓடும்போதுதான் எழும், நிற்கும்போது சக்கரத்தில் இறங்கிவிடும். மெதுவாகப் போகையில் தூக்கு விசையைவிட வண்டியைப் பின்னிழுக்கும் விசையே மேலோங்குவதால், நடை வேக டிராலிக்கு அது ஒத்துவராது.

நடைமுறையில் ஓடிக் காட்டியது பெர்லினின் எம்-பான் என்ற காந்த ரயில். 1.6 கிலோமீட்டர் தடத்தில் 1989 முதல் 1991 வரை பயணிகளை ஏற்றிய அந்த வண்டியில், எடையில் சுமார் 85 சதவீதத்தை நிரந்தரக் காந்தங்கள் தாங்கின. மீதியைச் சக்கரங்கள் ஏற்றன. சக்கரத்தை வைத்துக்கொண்டே அதன் பாரத்தைக் குறைத்த அந்த முறையே எனக்கு நேர்மையான பொறியியலாகத் தெரிகிறது. தூசியே ஆகாத குறைக்கடத்தி, மருந்து உற்பத்திக் கூடங்களில் காந்த மிதவைக்கு உண்மையான தேவை உண்டு. அங்கும் மின்சுருள்களின் கட்டுப்பாட்டுடன்தான் அது நிலைபெறுகிறது.

உங்களுக்கு என் பரிந்துரை, எஃகுத் தண்டவாளமும், ரயிலில் உள்ளதுபோன்ற விளிம்புச் சக்கரமும். ஆர்வம் விடவில்லையென்றால், ஃபெரைட் காந்தங்களால் 1 மீட்டர் மாதிரி செய்து, சுமையேற்றி, ஸ்பிரிங் தராசால் பக்கவாட்டு விசையை அளந்து பாருங்கள். பக்கத் தடுப்பை எடுக்கும்போது விரல்களை நடுவில் வைக்காதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களை அருகே விடாதீர்கள்.