குச்சியை நீட்டும் முன் சொல்ல வேண்டியவை

கல்லூரிகளில் ஸ்டெம் செல் (எலும்பு மஜ்ஜையில் இருந்து ரத்தத்தை உருவாக்கும் செல்) கொடையாளர் பதிவு முகாம் நடத்தும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஒரே நாளில் முடிந்தவரை அதிகம் பேரைச் சேர்க்கப் பார்க்கிறோம். ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் ஆகிறது. கொடையாளர் பட்டியலை வைத்திருக்கும் பதிவகத்திலிருந்து வந்தவரோ "நிதானமாகச் செய்யுங்கள்" என்கிறார். நிதானம் எதற்கு?

அவர் சொல்வதைக் கேளுங்கள். இன்று பெயர் கொடுப்பவருக்கு, "உங்கள் செல் ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறது, கொடுக்க வாருங்கள்" என்ற அழைப்பு அடுத்த மாதமும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம், வராமலே போகலாம். வரும்போது "அப்போது ஏதோ கூட்டத்தோடு கூட்டமாகக் கொடுத்தேன்" என்று அவர் பின்வாங்கினால், வேறு ஆளைத் தேடுவதில் நோயாளியின் நாட்கள் கரையும். அதைவிட மோசமான கட்டம் ஒன்று உண்டு. கொடையாளரின் செல்களை நோயாளிக்குச் செலுத்தும் மாற்று சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே கீமோவோ கதிர்வீச்சோ கொடுத்து நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு கொடையாளர் மறுத்தால் நோயாளிக்கு ரத்தம் ஊறவே வழியில்லை, உயிருக்கே ஆபத்து. சட்டப்படி எப்போது வேண்டுமானாலும் அவர் விலகலாம். அதனால்தான் யோசிக்க வேண்டிய நேரம் உங்கள் மேசை முன்னால் நிற்கும் நேரம்.

ஆகவே கன்னத்தின் உட்புறம் தேய்த்து மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியைக் கையில் கொடுக்கும் முன் இவற்றைச் சொல்லிவிடுங்கள்: செல்களை எடுக்கும் இரண்டு முறைகள், பெறப்போகிறவர் முன்பின் தெரியாத ஒருவராக இருப்பார் என்பது, இதற்குப் பணம் கிடைக்காது என்பது, விலகும் உரிமையும் விலகினால் நேர்வதும். கடைசியாக, "நாளைக்கே அழைத்தால் போவீர்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் முன் பக்கத்தில் நிற்கும் நண்பனின் முகத்தைப் பார்க்கிறவரிடம் துண்டறிக்கையைக் கொடுத்து, "வீட்டில் பேசிவிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுங்கள். அன்றைய எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.

கேள்வி: "முதுகுத்தண்டில் துளை போடுவார்களாமே" என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். எப்படி விளக்குவது?

முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இப்போது பெரும்பாலும் செல்களை ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். நான்கைந்து நாள் தினமும் ஜி-சிஎஸ்எஃப் என்ற ஊசி போடுவார்கள். அது மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்களைப் பெருக்கி ரத்தத்துக்குள் வரவைக்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குள் போய், செல்கள் மட்டும் பிரிக்கப்பட்டு, மீதி ரத்தம் மறுகை வழியாக உடலுக்கே திரும்பும். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். சிலருக்கு மறுநாளும் உட்கார வேண்டி வரும்.

வலியே இருக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊசி போடும் நாட்களில் காய்ச்சல் வரப்போவது போல எலும்பு வலிக்கும், தலை வலிக்கும். எந்திரத்தில் இருக்கும்போது உதட்டோரமும் விரல் நுனியும் மரத்து, குறுகுறுக்கும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். செவிலியரிடம் சொன்னால் கால்சியம் கொடுப்பார். இன்னொரு முறையில், முழு மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். சில நாட்களுக்கு இடுப்பு வலிக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் தானாக ஊறிவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தவர்தான் அழைப்பு வரும்போது கலங்காமல் போவார்.

கேள்வி: எடுத்த மாதிரிகளில் சில "பயன்படாது" என்று திரும்பி வந்தன. என்ன தவறு செய்திருப்போம்?

நீங்கள் முகாம் நடத்திய இடத்தை நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் டீக்கடை இருந்ததா? தேய்ப்பதற்கு முன் அரை மணி நேரம் சாப்பாடு, டீ, சூயிங்கம், புகை எதுவும் கூடாது. சோதனைக்குத் தேவை எச்சில் அன்று. கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்து உரியும் செல்கள். நாக்கில் தடவிவிட்டு எடுப்பவர்கள் நிறைய. பஞ்சு நுனி கன்னத்தின் உட்பக்கம் அழுந்த, கிட்டில் போட்டிருக்கும் நொடிக்கணக்கு முடியும்வரை உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். நுனியில் விரலோ மேசையோ படக்கூடாது. உலர்த்தச் சொல்லியிருந்தால் உலர்ந்த பிறகே உறையில் போடுங்கள்; ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, ஆள் மாறிப்போவது. இரண்டு தோழிகள் அருகருகே உட்கார்ந்து பேசிக்கொண்டே உறையை மாற்றி எடுத்துவிட்டால், ஒருவருடைய மரபணு இன்னொருவர் பெயரில் பதிவாகிவிடும். பொருத்தம் வந்து மறுபரிசோதனை செய்யும்போதுதான் தெரியவரும். பார்கோடு ஒட்டுகளைப் படிவத்திலும் உறையிலும் முதலில் ஒட்டி, எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகு குச்சியைப் பிரியுங்கள்.

கேள்வி: ரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பார்ப்பது எச்எல்ஏ பொருத்தத்தை. தன் செல் எது, அயல் செல் எது என்று உடல் அடையாளம் காண உதவும், செல்களின் மேலுள்ள புரதங்கள்தான் எச்எல்ஏ. மாற்று சிகிச்சைக்குப் பின் நோயாளியின் ரத்த வகையே கொடையாளருடையதாக மாறிவிடும்.

கேள்வி: உடல்நலக் கேள்விகளை நாங்களே கேட்டுத் தகுதியை முடிவுசெய்யலாமா?

கூடாது. வயது, எடை, பழைய நோய்கள் பற்றிய விதி பதிவகத்துக்குப் பதிவகம் மாறும். அவர்கள் தந்த பட்டியலைத் தாண்டி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கேள்வித்தாளை நிரப்ப வரிசையிலிருந்து தள்ளி ஒரு நாற்காலி போடுங்கள். எடையையும் நோயையும் எல்லார் காதிலும் விழும்படி கேட்டால், ஒன்று பொய் சொல்வார்கள், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள்.

கேள்வி: படிப்பு முடிந்து போனவர்களைப் பதிவகத்தால் பிடிக்க முடியவில்லையாம். இதில் நாங்கள் என்ன செய்ய முடியும்?

படிவத்தைப் பாருங்கள்: கல்லூரி மின்னஞ்சல், விடுதி முகவரி. படிப்பு முடிந்ததும் இரண்டும் போய்விடும். சொந்த மின்னஞ்சல், வீட்டு முகவரி, கூடவே அம்மா அல்லது அப்பாவின் எண் என்று கேட்டு வாங்குங்கள். இறுதியாண்டு மாணவர்கள் கிளம்பும் வாரத்தில் "எண் மாறினால் பதிவகத்துக்குச் சொல்லுங்கள்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பு நண்பனுக்கு ரத்தப் புற்றுநோய். அவனுக்காகவே முகாம் வைக்கிறோம். பொருந்துமா?

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் கூடப் பிறந்தவருக்கே முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. வகுப்பில் ஒருவர் பொருந்துவது மிக அரிது. சுவரொட்டியில் அவன் படத்தைப் போடுவதற்கு முன் அவனிடமும் வீட்டாரிடமும் கேளுங்கள். வரிசையில் நிற்பவரிடம், "இது இவனுக்கு உதவாமல் போகலாம், வேறு யாருக்காவது அழைத்தாலும் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். "அவனுக்கு மட்டும்தான்" என்பவரை அன்று சேர்க்காதீர்கள்.