பேய்க்கதையை நாமே படிப்பதைவிட ஒருவர் வாசிக்கக் கேட்டால் ஏன் பயம் கூடுகிறது?

புத்தகம் கையில் இருந்தால் கடிவாளம் நம்மிடம். பயம் வந்தால் இரண்டு பத்தி தாண்டலாம், கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்க்கலாம். கேட்கும்போது அதெல்லாம் நடக்காது. வாசிப்பவர் நிறுத்தினால் நாமும் நின்றுதான் ஆக வேண்டும்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்கின் பாதம்’ (1902) கதையைப் பாருங்கள். தாய் வற்புறுத்த, இறந்துபோன மகன் உயிரோடு வர வேண்டும் என்று, வரம் தரும் ஒரு குரங்கின் பாதத்திடம் தந்தை கேட்கிறார். அன்றிரவே கதவு தட்டப்படுகிறது. மேல் தாழ்ப்பாள் தாய்க்கு எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். உள்ளே தந்தை, இன்னொரு வரம் கேட்க அந்தப் பாதத்தைத் தரையில் துழாவுகிறார். வெளியே நிற்பது எது என்று கதை கடைசிவரை காட்டுவதே இல்லை. முழுக்க முழுக்கச் சத்தத்தால் ஆன பயம் அது. அதனால்தான் ஒரு மனிதக் குரலில் கேட்கும்போது நடுங்க வைக்கிறது.

அப்புறம், அளவு. சிறுகதை ஒரே அமர்வில் முடிந்துவிடும். பயம் ஆற நேரமில்லை. எம். ஆர். ஜேம்ஸ் தன் பேய்க்கதைகள் பலவற்றை கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினார். முதல் தொகுப்பு 1904-இல்தான் வந்தது. அவை இன்றும் உரக்க வாசிக்க அத்தனை வாகாக இருக்கின்றன.

நீங்கள் வாசிப்பதாக இருந்தால், குரலை மாற்றி நடிக்க வேண்டாம். கதவு தட்டும் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.